காளை நின்ற இடம்

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு நான்கு முறை போயிருக்கிறேன். மூன்று முறை தனியாக, ஒரு முறை அத்தையோடு. முதல் மூன்று முறை பார்த்துச் சேர்த்துவைத்ததை எல்லாம் அந்த நான்காவது முறை கலைத்துப்போட்டுவிட்டது.

அங்கே யாரும் தவறவிடாத செப்புத்திருமேனி ரிஷபவாகன தேவர். திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவர். கி.பி. 1011, முதலாம் இராஜராஜன் காலம். பெரிய கோயில் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கிரீடம் கிடையாது. பாம்புகள் நெளியும் சடையையே தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டியிருக்கிறார். கால் மாற்றி, இடுப்பைத் தளர்த்தி, ஒரு கையை மடக்கி எதன்மீதோ போட்டுக்கொண்டு நிற்கிறார். அறுவடை முடிந்த சாயங்காலம், மாட்டின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்று ஊர்க்கதை பேசும் ஆளை டெல்டாவில் யாரும் பார்த்திருப்பீர்கள். அதே நிற்பு.

ஆனால் மாடு இல்லை. காளை தொலைந்துவிட்டது. கை மட்டும் காற்றில் நிற்கிறது.

மூன்றாவது முறை போய்விட்டு வந்தபோது என் நோட்டில் இப்படி எழுதி வைத்திருந்தேன்: "அந்த வெற்றிடம்தான் இந்தச் சிற்பத்தின் உச்சம்." எழுதியபோது எனக்கே பெருமையாக இருந்தது. நண்பர்களிடம் சொன்னேன், அவர்களும் தலையாட்டினார்கள். நவீன கவிதை படித்து வளர்ந்தவர்கள் நாம். இடைவெளி, மௌனம், சொல்லாமல் விட்டது என்றால் உடனே நமக்கு உருகிவிடும்.

அத்தை சீர்காழிப் பக்கம். திருவெண்காட்டுக்குப் புதன் கோயில் என்று வருஷாவருஷம் போகிறவள். கலைக்கூட வாசலில் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றப் போனாள். நான்தான் வேண்டாம் என்றேன். ரிஷபவாகனர் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

"ஏன்டா, மாடு எங்க?"

"கெடைக்கல அத்தை."

"அப்ப இத்தனை வருஷமா கைய தூக்கிக்கிட்டே நிக்கிறாரா? வலிக்காது?"

சிரித்துவிட்டேன். பிறகு பஸ்ஸில் வரும்போது சிரிப்பு நின்றுபோனது. அத்தை கேட்டது பக்தியின் கேள்வி என்று முதலில் நினைத்தேன். இல்லை, அது கலை விமர்சனத்தின் கேள்வி. நான் கேட்கத் தவறியது.

இந்தக் கையை வார்த்த ஸ்தபதி வெற்றிடத்தை வார்க்கவில்லை. அவன் காளைக்காகத்தான் கையை மடக்கினான். காளை போனது ஒரு விபத்து. நான் நோட்டில் புகழ்ந்து வைத்திருந்தது அந்த விபத்தை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவன் மெழுகில் இழைத்து இழைத்துச் செய்த வேலையை விட்டுவிட்டு, காலம் பறித்துக்கொண்டதற்குக் கைதட்டியிருக்கிறேன். சிற்பியின் சாதனை எது, இழப்பு எது என்று பிரித்துச் சொல்லாத விமர்சனம் எதற்கு?

அப்படியானால் அவன் சாதித்தது எது? கையை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். அதில் தூக்கி வைத்திருக்கும் விறைப்பு துளியும் இல்லை. பாரத்தை வேறொன்றிடம் ஒப்படைத்துவிட்ட கை அது. அந்தக் கையை வைத்தே காளையின் உயரத்தை அளந்துவிடலாம், மிரளாத, பழகின மாடு என்றுகூடச் சொல்லிவிடலாம். இல்லாத காளையை நாம் பார்ப்பதற்குக் காரணம், இருந்த காளையை அவன் அவ்வளவு திட்டமாக அறிந்திருந்ததுதான். வெற்றிடம் பேசுவதாக நான் நினைத்தேன். பேசியது கை.

இதைப் பார்க்கக் கலைக்கூடம் வேண்டியிருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கோயிலில் உற்சவமூர்த்திக்குப் பட்டும் மாலையும் சாத்திய பிறகு நமக்குத் தெரிவது முகம் மட்டும்தான். இடுப்பின் தளர்வும் முதுகின் ஓட்டமும் அர்ச்சகருக்குத்தான் தெரியும். கலைக்கூடம் அந்த உடம்பை எல்லோருக்கும் காட்டுகிறது. பதிலுக்கு வேறொன்றைப் பிடுங்கிக்கொள்கிறது: அசைவை. இங்கே இருக்கும் பல திருமேனிகளின் பீடங்களைக் குனிந்து பாருங்கள். கம்பு செருகத் துளைகளும் வளையங்களும் இருக்கும். இவை தோளில் ஏறி வீதி உலா போகச் செய்யப்பட்டவை. கண்ணாடிக்குள் நிற்கும்போது அந்தத் துளைகள் வெறும் ஓட்டைகள்.

"அப்ப எங்க ஊருக்கே அனுப்பிட வேண்டியதுதானே" என்றாள் அத்தை. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், அரியலூர் மாவட்டத்துக் கோயில் ஒன்றிலிருந்து திருடப்பட்ட உமா பரமேசுவரியை 2007இல் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் ஆறரை லட்சம் டாலருக்கு வாங்கியது. திருட்டுப் பொருள் என்று தெரியவந்து, 2015இல் திருப்பித் தர ஒத்துக்கொண்டது. நியாயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் காவலில்லாத கோயில்களின் திருமேனிகள் இன்று பாதுகாப்பு மையங்களில் பூட்டுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அங்கே பூவும் இல்லை, பார்வையாளரும் இல்லை. கோயிலா மியூசியமா என்று நாம் சண்டை போடும்போது இந்த மூன்றாவது இடத்தை மறந்துவிடுகிறோம்.

ரிஷபவாகனரை எங்கே வைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஒரு சின்ன ஆசை இருக்கிறது. பக்கத்துச் சுவரில் ஒரு கோட்டோவியம் வேண்டும், நாலே கோட்டில் ஒரு காளை. அதன் திமிலும் முதுகும் கைக்கு நேராக வர வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகக் கடந்துபோகும்போது, இந்த ஆள் ஏன் இப்படி நிற்கிறார் என்று ஒரு நொடியில் புரிந்துவிடும். வெற்றிடத்தை ரசிக்கும் என் போன்றவர்களுக்கு அது கொஞ்சம் இடைஞ்சல்தான். பரவாயில்லை.

கிளம்பும்போது அத்தை திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் தேவி நிற்கிறாள், அவரைவிட ஒரு வயது இளையவள், 1012.

"இந்தம்மாவாவது கூட வந்துச்சே" என்றாள்.

நோட்டில் அந்தப் பழைய வரியை அடித்துவிட்டேன். அதற்குக் கீழே இன்னும் எதுவும் எழுதவில்லை. ஐந்தாவது முறை போய் கையைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருக்கிறேன்.