காணி உடையோரும் இல்லோரும்: வெள்ளகோவில் வட்டாரக் குடும்ப வரலாற்று ஆய்வின் வாய்ப்புகளும் வரம்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

மேலைநாடுகளில் குடும்ப வரலாற்று ஆய்வாளருக்குக் குடிவழிச் சங்கம், மாநாடு, நூலகம் ஆகிய மூன்றும் துணைநிற்கின்றன. கொங்கு நாட்டில் இம்மூன்றின் பணியையும் குலதெய்வக் கோயிலும் அதனைச் சார்ந்த காணி உரிமையும் நெடுங்காலம் ஆற்றி வந்துள்ளன. காணி அமைப்பு நினைவைக் காத்தது. யாருடைய நினைவு காக்கப்பட வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்தது. பெண்கள், கைவினைஞர், பண்ணையாட்கள், தறித்தொழிலாளர் ஆகியோரின் குடும்ப வரலாற்றை எழுத விரும்பும் ஆய்வாளர் கோயிலிலிருந்து தொடங்கலாம். அங்கேயே நின்றுவிட இயலாது. இக்கருத்தினை வெள்ளகோவில் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: குடிவழி, காணி, குலதெய்வம், தலைக்கட்டு, கொங்கு நாடு, ஆவணக் காப்பகம், வாக்காளர் பட்டியல்

முன்னுரை

குடும்ப வரலாற்றைத் தேடுவோர்க்கெனச் சங்கம் அமைக்கும் வழக்கம் பாஸ்டன் நகரில் 1845இல் தோன்றிய நியூ இங்கிலாந்து வரலாற்றுக் குடிவழிச் சங்கத்தால் உருப்பெற்றது. 1894இல் யூட்டா குடிவழிச் சங்கமும், 1911இல் இலண்டன் குடிவழியாளர் சங்கமும் தோன்றின. பிரித்தானிய இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியக் குடும்பங்களின் வழித்தோன்றல்களுக்கென ஒரு சங்கம் 1998இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்டது. இச்சங்கங்கள் திருச்சபைப் பதிவேடு, உயில், கல்லறைக் கல்வெட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள் ஆகியவற்றைத் தொகுத்து அட்டவணைப்படுத்துகின்றன. எளிய மனிதரின் பிறப்பும் இறப்பும் எங்கேனும் எழுதப்பட்டிருக்கும் என்னும் நம்பிக்கையே இவற்றின் அடித்தளம்.

இந்நம்பிக்கையைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்த இயலாது. இந்தியக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறைவானவை. அமெரிக்காவில் 72 ஆண்டுகளுக்குப் பின்னும் இங்கிலாந்தில் 100 ஆண்டுகளுக்குப் பின்னும் கணக்கெடுப்புத் தாள்கள் ஆய்வாளருக்குத் திறக்கப்படுகின்றன; இங்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. எனினும் குடிவழிப் பதிவே இந்நாட்டில் இல்லை என்பது பொருந்தாது. யூட்டா சங்கம் இந்தியாவில் நுண்படம் எடுத்தவற்றுள் அரித்துவாரப் பண்டாக்களின் வம்சாவளி ஏடுகளும் அடங்கும். இங்குக் குடிவழி எழுதப்பட்ட இடங்களுள் வழிபாட்டிடம் முதன்மையானது என்பதை இது காட்டுகிறது. கொங்கு நாட்டில் அவ்விடம் காணிக் கோயில் ஆகும்.

காணிக் கோயிலும் தலைக்கட்டும்

கொங்கு வேளாளர் சமூகம் பல குலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரே குலத்தார் பங்காளிகளாகக் கருதப்படுவதால் தம்முள் மணவுறவு கொள்வதில்லை. ஒவ்வொரு குலத்தாருக்கும் ஓர் ஊரில் காணி உரிமையும், அவ்வூர்க் கோயிலில் முதன்மை மரியாதையும் உண்டு. ‘எந்தக் குலம், எந்தக் காணி’ என்னும் வினா இவ்வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் முகவரியைக் கேட்பதற்கு ஒப்பாகும். பிழைப்பின் பொருட்டுத் திருப்பூருக்கோ கோவைக்கோ குடிபெயர்ந்தவர்களும் திருவிழாவின்போதும் குடமுழுக்கின்போதும் காணிக் கோயிலுக்குத் திரும்புகின்றனர். மகாசிவராத்திரியை ஒட்டி வெள்ளகோவில் வீரக்குமாரசாமி கோயிலில் நிகழும் தேர்த்திருவிழா அத்தகைய ஒன்றுகூடலே.

இவ்வொன்றுகூடல் குடிவழி மாநாட்டின் பணியைச் செய்கிறது. பிரிந்த கிளைகள் அறிமுகமாகின்றன. மூத்தோர் உறவுமுறையைச் சொல்லித் தருகின்றனர். கோயில் வரி தண்டுவதற்கென எழுதப்படும் தலைக்கட்டுப் பட்டியல் குடிவழிப் பதிவேட்டின் இடத்தைப் பெறுகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் இப்பட்டியல்களை வரிசையாக வைத்து நோக்கினால் ஒரு குடும்பம் எப்போது பிரிந்தது, எந்தக் கிளை ஊரைவிட்டு நீங்கியது என்பன புலனாகும்.

ஆயினும் மணமான ஆணே தலைக்கட்டு. மகள் மணமானதும் பட்டியலிலிருந்து மறைகிறாள். மருமகள் தன் பெயரால் அதில் நுழைவதில்லை. வீரக்குமாரசாமி கோயிலில் பெண்கள் உள்ளே செல்லாது வெளியில் நின்று வழிபடும் வழக்கம் உண்டு. கோயிலின் வாயிலும் பதிவேட்டின் வாயிலும் இவ்வகையில் ஒன்றுபோலவே அமைந்துள்ளன. தந்தைவழியில் ஏழு தலைமுறைப் பெயர்களைச் சொல்ல வல்ல குடும்பத்தில், தாய்வழிப் பாட்டியின் தாயார் பெயர் அறியப்படாதிருப்பதற்கு மறதி மட்டும் காரணமன்று. பதிவின் அமைப்பே காரணம்.

குல வரலாற்று நூல்களின் ஆதார முறை

காணி மரபின் அச்சு வடிவம் குல வரலாற்று நூல் ஆகும். இந்நூல்கள் பெரும்பாலும் ஒரே வைப்புமுறையைக் கொண்டவை. சேர சோழர் காலத்துக் குடியேற்றத்தில் தொடங்கி, காணி பெற்ற வரலாறு, செப்பேட்டுச் செய்தி, புலவர் பாடிய காணிப்பாடல் ஆகியவற்றைக் கடந்து, இன்றைய கொடையாளர்களின் நிழற்படங்களில் முடிகின்றன. குலத்தாரின் ஈடுபாட்டாலும் பொருளுதவியாலும் வெளிவரும் இவை, பல்கலைக்கழகம் கவனிக்கத் தவறிய வாய்மொழிச் செய்திகளைக் காத்துள்ளன என்பதை மறுத்தற்கில்லை.

குறை, ஆதாரங்களைத் தரம்பிரிக்காமையில் உள்ளது. புலவர் செ. இராசு தொகுத்துத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட ‘கொங்கு நாட்டுச் சமுதாய ஆவணங்கள்’ என்னும் தொகுதி இவ்வட்டாரச் செப்பேடுகளையும் பட்டயங்களையும் ஆய்வாளர் கைக்குக் கொண்டுவந்தது. பட்டயம் என்பது உரிமை ஆவணம். மரியாதை யாருக்கு, வரி யாருடையது, எல்லை எது என்னும் வழக்கு எழும்போதோ உடன்பாடு ஏற்படும்போதோ அது எழுதப்படுகிறது. எனவே அதில் இடம்பெறும் முன்னோர் வரிசை, ஓர் உரிமையை நிலைநாட்ட முன்வைக்கப்பட்ட சான்று ஆகும். பட்டயம் எழுதப்பட்ட காலத்தில் அக்குலத்தார் தம்மை எவ்வாறு காட்டிக்கொண்டனர் என்பதற்கு அது முதன்மைச் சான்று. அதில் கூறப்படும் பழங்கால நிகழ்வுக்கு அது வழிச்சான்று மட்டுமே. குல வரலாற்று நூல்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. காலின் மெக்கன்சி (1754–1821) தொகுத்தவற்றுள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் காக்கப்படும் கைபீதுகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

கண்ணபுரம் தரும் பாடம்

வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரம் கிராமத்தைச் சார்ந்த ஓலப்பாளையத்தில் 1960களின் நடுப்பகுதியில் களப்பணி செய்த பிரெண்டா பெக், அதன் பயனாகக் ‘கொங்கு நாட்டு உழவர் சமூகம்’ பற்றிய தம் ஆங்கில நூலை 1972இல் வெளியிட்டார். வலங்கை, இடங்கை என்னும் பழம் பகுப்பைக் கொண்டு அவர் முன்வைத்த முடிவு குடும்ப வரலாற்று ஆய்வுக்கு நேரடியாகப் பயன்படுவது. நிலத்தையும் நிலவுடைமையாளரையும் சார்ந்த வலங்கைச் சாதியாரின் குலம், நாடு, கிராமம் என்னும் இட எல்லைகளோடு பிணைந்துள்ளது. நிலத்தைச் சாராத கைவினை, வணிகச் சாதியாரின் உறவு அமைப்பு அவ்வாறு இடத்தோடு பிணைக்கப்பட்டதன்று. இதனை ஏற்பின், காணிக் கோயிலை மையமாகக் கொண்ட தேடல் முறை கைவினைக் குடும்பங்களுக்கு ஏற்றதன்று என்பது பெறப்படும்.

எனினும் பெக்கின் பகுப்பைத் திருத்தவும் இடமுண்டு. மாட்டிசன் மைன்ஸ் 1984இல் வெளியிட்ட செங்குந்தக் கைக்கோளர் பற்றிய ஆய்வு, நெசவாளர்க்கும் காஞ்சிபுரத்து மகாநாட்டைத் தலைமையாகக் கொண்ட 72 நாடுகள் என்னும் எல்லை அமைப்பு இருந்ததைக் காட்டுகிறது. உழவர்க்குக் காணி எவ்வாறோ, நெசவாளர்க்கு அந்நாட்டு அமைப்பு அவ்வாறு. ஆகவே நெசவுக் குடும்பத்தின் வேரைத் தேடுபவர் ஒரு கோயிலை விடுத்து, தொழில்வழிப் பரந்த வலையைத் தேடவேண்டும். தறிகள் நிறைந்த ஒரு வட்டாரத்தில் இவ்வேறுபாடு சிறியதன்று.

இவ்விரு அமைப்புகளுக்கும் வெளியே நிற்பவர் பண்ணையாட்களாக வாழ்ந்த அருந்ததியரும், ஊர்ப்பணி செய்த குடிகளும் ஆவர். கொங்கு வேளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்தினைப் பாடும் பொறுப்பு நாவிதருடையது. பிறர் குடும்பத்தின் பெருமையைத் தலைமுறை தலைமுறையாக மனத்தில் தாங்கியவர்களின் சொந்தக் குடிவழி எந்தக் குல நூலிலும் இயல்பாக இடம்பெறுவதில்லை.

காப்பகமும் நூலகமும்

இவ்விடைவெளியை ஓரளவு நிரப்ப அரசு ஆவணங்கள் உதவும். ஆனால் அவற்றை அணுகுவதற்கு ஆட்சி எல்லை வரலாறு தெரிந்திருக்க வேண்டும். இன்று திருப்பூர் மாவட்டத்தில் உள்ள வெள்ளகோவில், 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும், அதன்பின் 1996இல் ஈரோடு எனப் பெயர்மாறிய பெரியார் மாவட்டத்திலும் இருந்தது. 2009இல் திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்தது. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பதிவுகள் இதனால் மூன்று மாவட்டப் பெயர்களின்கீழ்ச் சிதறியிருக்கும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடுபவர் கோயம்புத்தூர் மாவட்ட ஆவணங்களிலிருந்தே தொடங்கவேண்டும்.

இனாம் நிலங்களுக்கு 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் உரிமையாளரின் வாரிசு வரிசையைத் தருகின்றன. பத்திரப் பதிவும் வில்லங்கச் சான்றும் பாகப்பிரிவினையைக் காட்டும். ஊர்க் கணக்குகளை எழுதிய கணக்குப்பிள்ளைப் பதவி, 1980இல் ஒழிக்கப்படுமுன், நெடுங்காலம் பரம்பரை வழியில் சென்றமையால், அக்குடும்பத்தாரின் வீடுகளும் தேடத்தக்கவை. ஆனால் இவை யாவும் நிலம் பற்றிய ஆவணங்கள். காணி இல்லாதவரைக் கோயில் எவ்வாறு விட்டதோ, அவ்வாறே வருவாய்த்துறையும் விட்டுவிடுகிறது.

நிலமற்றவரையும் பெண்ணையும் தம் பெயரால் குறிக்கும் ஆவணங்கள் இரண்டு: பிறப்பு இறப்புப் பதிவேடு ஒன்று, வயதுவந்தோர் வாக்குரிமை வந்தபின் எழுதப்பட்ட வாக்காளர் பட்டியல் மற்றொன்று. வீட்டு எண்வாரியாக, தந்தை அல்லது கணவர் பெயருடன் அமைந்த பழைய பட்டியல்கள் குல வரலாற்று நூல்களைவிட நேர்மையான குடும்ப ஆவணங்கள் எனலாம்.

ஒரு முரணையும் இங்குச் சுட்டவேண்டும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 பேரின் கப்பற் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியன பதிவாகியுள்ளன. அவற்றைக் கொண்டு தென்னாப்பிரிக்கத் தமிழர் தம் மூதாதையரின் ஊரைத் தேடி வருகின்றனர். கடல் கடந்த கூலியின் பெயர் எழுதப்பட்டது. அதே காலத்தில் ஊரிலேயே தங்கிய பண்ணையாளுக்கு அத்தகைய ஏடு வாய்க்கவில்லை. ஏழ்மை மட்டுமே பதிவின்மைக்குக் காரணமாகாது. எழுதுவதற்கு ஒருவர்க்குத் தேவை ஏற்படாமையே காரணம்.

தனியார் வீடுகளில் உள்ள ஆவணங்களை மீட்கும் முறைக்கு முன்மாதிரியும் உண்டு. பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின்கீழ்ப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1870–1940 காலத்து ஊர்ப் பஞ்சாயத்து ஆவணங்களைத் தேடிப் படியெடுத்தது. மூல ஏடு உரிமையாளரிடமே இருக்க, படி மட்டும் பொதுவுக்கு வரும் இம்முறை, ஏட்டைப் பிரிய விரும்பாத கொங்குக் குடும்பங்களுக்கும் ஏற்புடையதாகும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழைய நூல்களையும் இதழ்களையும் தேட உதவுகின்றன.

பதிவு யாருக்காக?

குடும்ப வரலாறு தன்விருப்ப முயற்சி மட்டுமன்று என்பதை அண்மை நிகழ்வு ஒன்று உணர்த்துகிறது. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் உள்ள தம் பெயர் அல்லது உறவினர் பெயர் பற்றிய விவரம் கேட்கப்பட்டது. பல தலைமுறையாக ஓரூரில் நிலைத்த குடும்பத்திற்கு இது எளிது. வேலை தேடி ஊர் ஊராகப் பெயர்ந்த தறித்தொழிலாளிக்கு அவ்வாறன்று. தன் பெற்றோர் எந்த ஊரின் எந்தப் பாகத்தில் வாக்களித்தனர் என்பதை அறிவது அவருக்கு வரலாற்று ஆர்வம் அன்று, உரிமைச் சிக்கல்.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றிச் சரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு, உழைப்பால் உயர்ந்தோம் என்னும் உடைமையாளரின் தன்வரலாற்றுக் கூற்று எவ்வாறு அதிகாரமாக மாறுகிறது என்பதை விளக்குகிறது. அந்த ‘உழைப்பு’ ஆண்களின் உடன்பிறப்புணர்வாகவே சொல்லப்படுகிறது. தலைக்கட்டுப் பட்டியலில் மறைந்த பெண், தொழிற்குடும்ப வரலாற்றிலும் இவ்வாறு மீண்டும் மறைகிறாள்.

குலப் பதிவின் மற்றொரு பயனையும் ஆய்வாளர் மறத்தலாகாது. யாரை மணக்கலாம், யாரை மணக்கலாகாது என்பதை அறியவே அது பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. இதே மாவட்டத்தின் உடுமலைப்பேட்டையில் 2016இல் சாதி மறுப்பு மணத்தின் பொருட்டு ஒரு கொலை நிகழ்ந்தது. வாழ்வோரின் சாதி, குல விவரங்களை எவரும் காணுமாறு தொகுப்பது தீங்கற்ற செயல் அன்று. இறந்தோர் பற்றிய பதிவுகளைத் திறந்தும், வாழ்வோர் பற்றியவற்றைக் காத்தும் வைக்கும் நெறி இங்கு இன்றியமையாதது.

முடிவுரை

வெள்ளகோவில் வட்டாரத்தில் குடிவழிச் சங்கத்தின் பணியைக் காணிக் கோயில் செய்துவந்தது. அதனை ஒதுக்குவது ஆய்வுக்கு இழப்பாகும். அதனை முழுமையெனக் கொள்வது ஆய்வுப் பிழையாகும். தலைக்கட்டுப் பட்டியல்களைப் படியெடுத்துக் காப்பது, ஒவ்வொரு பெயருடனும் மனைவி, மகளிர் பெயர்களை மூத்தோர் நினைவிலிருந்து கேட்டு இணைப்பது, காணியற்ற குடும்பங்களுக்கு வாக்காளர் பட்டியலையும் வாய்மொழியையும் முதன்மை ஆதாரமாகக் கொள்வது ஆகியன உடனடிப் பணிகள். வட்டாரக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் கிளை நூலகங்களுடன் இணைந்து இவற்றை ஏற்கலாம். தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை போன்ற அமைப்புகளின் ஆண்டு மாநாடுகளில் இவற்றின் முடிவுகளை விவாதத்திற்கு வைக்கலாம். மூத்த தலைமுறையின் நினைவே பல குடும்பங்களுக்கு எஞ்சியுள்ள ஒரே ஏடு என்பதால், இப்பணியில் காலத்தாழ்ச்சி கூடாது.