14.4-இல் மடியும் சிற்றலை: ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 கையில் எடுத்துப் பார்த்தபோது

தோற்றத்தில் சாதாரண பென் டிரைவ்தான். உள்ளே இருக்கும் ஆர்டிஎல்2832யு சிப், கணினியில் டிவி பார்க்கச் செய்யப்பட்டது. அதிலிருந்து பதப்படுத்தாத மாதிரிகளை நேரடியாக எடுக்கலாம் என்று 2012-இல் தெரியவந்த பிறகு மலிவு விலை மென்பொருள் வானொலி பிறந்தது. வி3 பற்றிப் பொதுவாகச் சொல்ல ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு வசதியை மட்டும் சோதித்தேன்: டியூனரைத் தாண்டி ஆன்டெனாவை நேராக ஏடிசியில் (அலையை எண்களாக்கும் பகுதியில்) கொடுக்கும் 'டைரக்ட் சாம்ப்ளிங்'.

இந்த ஏடிசி நொடிக்கு 2.88 கோடி மாதிரிகள் எடுக்கிறது. நைக்விஸ்ட் கணக்குப்படி அதில் பாதி, அதாவது 14.4 மெகாஹெர்ட்ஸ் வரைதான் குழப்பமில்லாமல் பார்க்க முடியும். ஆனால் இந்த வசதி 24 மெகாஹெர்ட்ஸ் வரை தரப்பட்டிருக்கிறது. 14.4-ஐத் தாண்டியதைத் தடுக்கும் வடிகட்டி நடுவே கிடையாது. ஒரு தாளில் 0 முதல் 28.8 வரை கோடு வரைந்து நடுவில் மடித்தால் எந்த எண் எதன் மேல் விழுமோ, அப்படித்தான் நிலையங்களும் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன.

சோதிக்க நல்ல ஆள், சீனாவின் பிபிஎம் நேர ஒலிபரப்பு. 2.5, 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் 'டிக் டிக்' என்று துடிப்பது. காலை வேளையில் 15-இல் பிடித்தேன். பிறகு 13.8-க்குப் போனால் அங்கேயும் அதே டிக், அதே வலிமையில். 28.8 கழித்தல் 15, கணக்கு சரி. எது அசல், எது மடிப்பு என்று கருவிக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். சிற்றலையில் எந்த நேரத்திலும் பெரும்பகுதி காலியாகவே கிடப்பதால்தான் அப்படிப் பிரித்துச் சொல்வது சாத்தியமாகிறது. ஆனாலும் 13.8-ஐ ஒட்டிய 22 மீட்டர் பட்டை ஒலிபரப்புகள் மீது 15 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய நிலையங்கள் வந்து ஏறத்தான் செய்கின்றன.

கேலிப்ரேஷன் இங்கேதான் சுவையாகிறது. வி3-இல் வெப்பநிலை மாற்றத்தை ஈடுசெய்யும் டிசிஎக்ஸ்ஓ கடிகாரம் இருப்பதால் கடிகாரப் பிழை சிறியது; 1 ppm (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் 10 மெகாஹெர்ட்ஸில் வெறும் 10 ஹெர்ட்ஸ். குளிர்ந்த டாங்கிளைச் செருகி, திரையில் ஓடும் வாட்டர்ஃபால் படத்தை நன்றாகப் பெரிதாக்கிவிட்டுக் காத்திருங்கள். டாங்கிள் சூடேற ஏற அசல் நிலையங்களின் கோடுகள் ஒரு பக்கம் சாயும். மடிந்து வந்தவை எதிர்ப் பக்கம் சாயும். கடிகாரம் நகர்ந்தால் மடிப்புப் புள்ளியும் நகர்வதுதான் காரணம். 10 மெகாஹெர்ட்ஸை வைத்துப் பிழையைத் திருத்திய பிறகும், கடிகாரம் 1 ppm வேகமாக ஓடினால் 15-இன் மடிப்பு 13.8-க்கு 28.8 ஹெர்ட்ஸ் மேலே நிற்கும். மென்பொருள் திருத்தத்தால் கடிகாரம் மாறுவதில்லையே! ஒரு குறை: டிரைவர் முழு எண் ppm மட்டுமே ஏற்கிறது. அதற்கும் சிறிய பிழையோடு வாழப் பழக வேண்டும்.

திருத்தவே முடியாத ஒன்றும் உண்டு. ஏடிசி 8 பிட்தான், இந்த வசதியில் கெயின் கட்டுப்பாடும் இல்லை. சென்னையில் வானொலி நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் அலை பலமாக வரும் இடத்தில் ஏடிசி நிரம்பி வழிந்து, திரை முழுக்கப் போலிக் கோடுகள். அவற்றை எந்தக் கேலிப்ரேஷனும் துடைக்காது; மத்திய அலையைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றுதான் வழி.

இது பொம்மை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். இஸ்ரேலின் டெக்னியானில் மிஷாலியும் எல்டாரும் 2010 வாக்கில் உருவாக்கிய 'மாடுலேட்டட் வைட்பேண்ட் கன்வெர்ட்டர்' இந்த மடிப்பை வேண்டுமென்றே செய்கிறது. 2 கிகாஹெர்ட்ஸ் நைக்விஸ்ட் வேகம் கேட்கும் சிக்னலை அவர்களது பலகை மொத்தம் 280 மெகாஹெர்ட்ஸில் மாதிரி எடுத்தது. நிபந்தனை, அதில் பயன்பாட்டில் இருப்பது 120 மெகாஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. எங்கே இருக்கிறது என்று தெரியாத சிக்னலுக்குப் பயன்பாட்டு அகலத்தைப் போல இருமடங்கு வேகம் தேவை என்பதால் 240-க்குக் கீழே போகவும் வழியில்லை. அந்தப் பலகையின் ஒவ்வொரு சேனலிலும் எல்லாப் பட்டைகளும் வெவ்வேறு எடையில் கலந்து விழுகின்றன. மிக்சரும் வடிகட்டியும் தாமதமும் சேர்ந்து அந்த எடைகளைக் காகிதக் கணக்கிலிருந்து விலக்கிவிடும். தெரிந்த சைன் அலைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து அளந்தால்தான் பிரித்தெடுக்க முடியும். நான் பிபிஎம்மை வைத்துச் செய்ததன் பெரிய வடிவம் அது.

வெறுமனே சிற்றலை கேட்க ஆசை என்றால் 2023-இல் வந்த வி4 வாங்குங்கள். அதில் அப்கன்வெர்ட்டர் இருப்பதால் 14.4 தொல்லையே இல்லை. சிக்னல் ப்ராசசிங் படிக்கும் மாணவருக்கு வி3-தான் என் பரிந்துரை. இந்த விலையில் இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. வாங்கினால், எஸ்டிஆர்-ஷார்ப் மென்பொருளில் 'டைரக்ட் சாம்ப்ளிங் க்யூ' தேர்வை ஸ்டார்ட் அழுத்துவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஓடத் தொடங்கிய பிறகு மாற்ற முடியாது.