சிரிப்பு எவர் மீது?

குற்றாலத்தில் ஓர் அரங்கம் இருக்கிறது. கலைவாணர் அரங்கம் என்று அதற்குப் பெயர். சாரல் பொழியும் காலத்திலே அரசு நடத்தும் சாரல் விழா அங்கேதான் நடைபெற்று வந்திருக்கிறது. ஆடல் உண்டு, பாடல் உண்டு, நாட்டுப்புறக் கலைகள் உண்டு. இடையிடையே நகைச்சுவையும் உண்டு. அருவியில் நனைந்து வந்த மக்கள் அமர்ந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்! ஆண்டு முழுதும் அல்லற்படும் ஏழை, ஒரு மாலை சிரிப்பதைத் தடுக்க நாம் யார்? தடுக்க வரவில்லை, தோழர்களே! அந்த அரங்கத்துக்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயரை எண்ணிப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறோம். அந்தச் சிரிப்பு எவர் மீது?

நாடகம் என்றால் ஒரு கதை; தொடக்கம், சிக்கல், முடிவு. நகைச்சுவைத் துணுக்குகளின் கோவையோ வேறு இனம். ஐந்து நிமிடம் ஒரு காட்சி, ஏழு நிமிடம் இன்னொன்று, நடுவே ஒரு பாட்டு, பிறகு மற்றொரு காட்சி. ஒன்றுக்கொன்று கதைத் தொடர்பு இல்லை. குற்றாலத்துக்கு ஏற்ற வடிவம் இது. பேரருவியிலிருந்து ஒரு குடும்பம் வரும்; ஐந்தருவிக்கு இன்னொரு குடும்பம் புறப்படும். மூன்று மணி நேரக் கதையை அவர்களிடம் சொல்ல முடியாது. ஆனால், எப்போது வந்து அமர்ந்தாலும் ஒரு முழுக் கருத்தை ஏந்திச் செல்லும்படி செய்யலாம்.

கதை இல்லை என்பதற்காக இவ்வடிவுக்கு நூல் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மணிகளைக் கோக்கும் நூல் ஒன்று வேண்டும். அந்த நூல்தான் இயக்குநரின் நோக்கம். நோக்கம் இல்லாதவிடத்து, எதைச் சொன்னால் கூட்டம் விரைவாகக் கைதட்டுகிறதோ அதுவே சட்டமாகிவிடுகிறது. கூட்டம் விரைவாகச் சிரிப்பது எதற்கு? கறுத்தவளைக் கண்டு, பருத்தவனைக் கண்டு, திக்குவாயனைக் கண்டு, பெண் வேடமிட்ட ஆணைக் கண்டு. எளியோரை எள்ளி நகையாட எவ்வித ஒத்திகையும் வேண்டியதில்லை. அதனாலேயே சோம்பேறி மேடைகள் அதனை விடாமல் பற்றிக்கொள்கின்றன.

“இது நம் பழங்கலை, பாமர மக்களின் சுவை இதுதான்” என்று சமாதானம் கூறுவோர் உளர். அவர்களைத் தென்காசியை அடுத்த மேலகரத்துக்கு அழைக்கிறோம். 18 ஆம் நூற்றாண்டிலே திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. தெய்வ உலாவும் தலைவியின் காதலும் நூலின் முன்பாதியிலே வருவன. நம் கேள்விக்கு விடை பின்பாதியிலே இருக்கிறது. அங்கே சிங்கன் வருகிறான், பறவை பிடிக்க. கூட வருகிறான் நூவன். கண்ணி வைக்க வேண்டியவன் சிங்கியை நினைத்து ஏங்குகிறான். பறவைகளோ பறந்து போகின்றன. இறுதியில் சிங்கியைக் காண்கிறான். அவள் உடலெங்கும் புதுப்புது அணிகள். சிலம்பும் தண்டையும் இன்னவை என்று அறியாத சிங்கன் மருண்டு, ஒவ்வொன்றாகச் சுட்டிக் கேட்கிறான். அவளோ அசையாமல் விடையளிக்கிறாள்: இந்த நாட்டிலே குறி சொன்னேன், இது கிடைத்தது, அந்த நாட்டிலே குறி சொன்னேன், அது கிடைத்தது.

குறி சொல்வது மூடநம்பிக்கை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் காட்சியின் அமைப்பைப் பாருங்கள். அங்கே சிரிப்புக்கு இலக்காவது கணவனின் அறியாமை, கணவனின் ஐயப்பாடு. தன் உழைப்பால் ஈட்டிய பெண், கேள்விக்குக் கேள்வி பதில் சொல்லி வெல்கிறாள். சிருங்காரம் அதிலே நிறைய உண்டு. நாம் ஒன்றும் முகம் சுளிக்கும் மடாதிபதிகள் அல்லர். பெண்ணுக்கு அக்காட்சியிலே வாய் இருக்கிறது என்பதே நாம் கருத வேண்டியது.

அதே தென்பாண்டிச் சீமையின் திருவிழா மேடைக்கு இப்போது வாருங்கள். நையாண்டி மேளம் முழங்குகிறது. கரகம் வைத்து ஆடும் பெண்ணின் கலைத்திறன் கண்டு வியக்கிறோம். அடுத்த கணம் கோமாளி வருகிறான். இரட்டைப் பொருட் பேச்சு தொடங்குகிறது. சிங்கனும் சிங்கியும் குறவன் குறத்தியாகி நிற்கிறார்கள். ஆனால் கவிராயரின் சிங்கியைக் காணோம்! அவளுடைய வாய் அடைபட்டுவிட்டது. அவளுடைய உடல் மட்டும் மேடையில் நிற்கிறது. குறவர் என்னும் மக்களினம் முழுவதும் கேலிப் பொருளாக்கப்படுகிறது. தங்களை இழிவுபடுத்துகிறது இவ்வாட்டம் என்று அம்மக்களின் தரப்பிலிருந்து எழுந்த குரல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. அதனைத் தொடர்ந்து 2023 ஆம் ஆண்டில் குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது.

இழிவு செய்யப்பட்டோர் பெற்ற அந்த ஆணையை வரவேற்கிறோம். ஆனால் ஆணையோடு பணி முடிந்ததா? பெயர் மாறிய அதே காட்சி வேறு மேடையில் தலைகாட்டாதா? ஆபாசம் என்று கூச்சல் எழும்போது பழி எவர் தலையில் விழுகிறது? ஆடிய பெண்ணின் தலையில்! அந்த வசனத்தை அமைத்தவன் எங்கே? பணம் கொடுத்து வரவழைத்த விழாக் குழுவினர் எங்கே? முன்வரிசையில் அமர்ந்து “இன்னும், இன்னும்” என்று கத்திய பெரிய மனிதர்கள் எங்கே? கூலிக்கு ஆடியவள் குற்றவாளி. கூலி கொடுத்தவன் குணவான். இந்த நீதியைத்தானே மனு முதலாகக் கேட்டு வருகிறோம்!

இனி, அரங்குக்குப் பெயர் தந்தவரைப் பார்ப்போம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908 இல் பிறந்து, வில்லுப்பாட்டிலும் பாலர் நாடகக் குழுவிலும் பயின்று வந்தவர் என்.எஸ். கிருஷ்ணன். பாலர் குழுவிலே இயக்குநர் என்ற சொல் கிடையாது, வாத்தியார் என்பார்கள். வாத்தியார் கையிலே பிரம்பு இருந்த காலம் அது. அந்த உலகிலிருந்து வந்தவர், தாம் குழு அமைத்தபோது கடைப்பிடித்த முறை கவனத்துக்குரியது. படத்தை இயக்குபவர் வேறொருவராயினும் நகைச்சுவைப் பகுதியைத் தாமே ஆக்கி, தம் குழுவினரைக் கொண்டே அமைத்தார். ஒரு படத்துள் இன்னொரு சிறு படம்! துணுக்குக் கோவையின் இலக்கணம் அதிலே முழுதும் இருக்கிறது.

அந்தச் சிறு படங்களில் டி.ஏ. மதுரத்தின் இடம் எது? கணவன் சொல்லும் சிரிப்புக்குத் தலையாட்டும் பொம்மையா அவர்? அல்லவே! கேட்பவர், மறுப்பவர், மடக்குபவர். பேச்சுக்குப் பேச்சு, பாட்டுக்குப் பாட்டு. கவிராயரின் சிங்கி மறுபிறவி எடுத்தாள் என்று சொல்லலாம், மறுபிறவியில் நமக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும்!

“கிந்தனார்” காலட்சேபத்தை எண்ணிப் பாருங்கள். நந்தனார் கதையைக் கேட்டுக் கேட்டுக் கண்ணீர் வடித்த நாடு இது. தில்லையைக் காணத் துடித்தவன் தீயிலே இறங்கினால்தான் தூய்மை பெறுவான் என்றது பழங்கதை. கிந்தன் தீயில் இறங்கவில்லை, இரயிலில் ஏறினான். தில்லைக்கு அல்ல, பட்டணத்துக்கு. தரிசனத்துக்கு அல்ல, படிப்புக்கு. கல்வி அதிகாரியாக ஊர் திரும்பினான். காலட்சேபத்தின் நடை, பின்பாட்டு, பாவனை ஒன்றையும் கலைவாணர் மாற்றவில்லை. உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தைத் தலைகீழாக்கினார். மக்களுக்குத் தெரிந்த வடிவம் ஆதலால் சிரிப்பு உடனே வந்தது. தெரியாத செய்தி ஆதலால் சிந்தனை பின்னே வந்தது. அங்கே சிரிப்புக்கு இலக்கு கிந்தன் அல்லன். அவனைப் படிக்க விடாத சமுதாயம். அறிஞர் அண்ணா கதை வசனம் எழுதி, 1949 இல் வெளிவந்த “நல்லதம்பி”யிலும் அக்காட்சி இடம்பெற்றது.

குழுவை நடத்துபவனுக்கு உண்மையான சோதனை, அவன் இல்லாதபோது வருகிறது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கிலே 1944 இறுதியில் கலைவாணர் கைதானார். 1947 இல்தான் விடுதலை பெற்றார். இரண்டாண்டுக்கு மேல் தலைவன் சிறையில். குழு சிதறி, நடிகர்கள் தெருவில் நின்றிருக்க வேண்டும் அல்லவா? மதுரமும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் நாடக சபாவை நடத்தினர். பிரம்புக்கு அஞ்சிய கூட்டம் பிரம்பு போனதும் கலையும். பங்காளியாய் மதிக்கப்பட்ட கூட்டம் தலைவன் போனாலும் நிற்கும். இதைவிடப் பெரிய பாடம் ஒத்திகைக் கூடத்தில் கிடைக்காது.

கடல் கடந்த நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 1963 இல் கிழக்கு இலண்டனில் ஜோன் லிட்டில்வுட் என்னும் அம்மையார், முதல் உலகப் போரைத் துணுக்குகளின் கோவையாக்கி மேடையேற்றினார். நடிகர்கள் கோமாளி உடையில் பாடினர். பின்னே ஒளிப்பலகையில் மாண்டோரின் எண்ணிக்கை ஓடியது. நடிகர்களைத் தேடச் சொல்லி, பேசச் சொல்லி, அவர்களோடு சேர்ந்து காட்சிகளை உருவாக்கினார் அவர். சிரிப்பு, மாண்ட சிப்பாய் மீது விழவில்லை. அவனை அனுப்பிய தளபதிகள் மீது விழுந்தது.

தென்காசியிலும் கடையநல்லூரிலும் செங்கோட்டையிலும் சுரண்டையிலும் குழு அமைக்க விழையும் இளைஞர்களே! காட்சிக்குப் பஞ்சமா? பீடி சுற்றும் பெண்ணின் கூலிக் கணக்கைப் போடுங்கள். எண்ணிக்கையிலே குறை கண்டு கழிப்பவனைச் சிரிப்புக்கு ஆளாக்குங்கள். பத்துப் பொருத்தம் பார்த்துவிட்டுப் பதினோராவது பொருத்தமாய்ச் சாதியைப் பார்ப்பவனை மேடையேற்றுங்கள். வாட்ஸ்அப்பிலே வந்த புரளியை வேதவாக்காய் ஓதும் பட்டதாரியை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் நான்கு நெறிகளைக் கைக்கொள்ளுங்கள். ஒரு காட்சிக்கு ஒரே கருத்து. அது விளங்கியதும் திரை விழட்டும். குழுவிலே ஒல்லியானவனுக்கும் கறுத்தவளுக்கும் ஓயாமல் அடிபடும் வேடமே தராதீர்கள். இன்று அடிபட்டவர் நாளை அடிக்கட்டும். ஒத்திகையிலே ஒரு பெண், “இந்த வரியை நான் பேச மாட்டேன்” என்றால், அவர் ஏன் மறுக்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் வரி மோசமானது என்பதற்கு அதுவே முதற்சான்று. மேடையில் புதிதாய் வாய்க்கு வந்ததைச் சேர்க்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. அதனால் உடன் நிற்பவர் தலைகுனிந்தால் அவ்வுரிமை அன்றோடு போயிற்று.

பகுத்தறிவு என்று பெயர்ப்பலகை மாட்டிய மேடைகளும் இதற்கு விலக்கல்ல. எதிரியின் கொள்கையைத் தாக்கத் தெம்பின்றி, அவன் குரலையும் உடலையும் குடும்பத்துப் பெண்களையும் கேலி செய்து கைதட்டல் வாங்கும் பேச்சுகளை நாம் கேட்டிருக்கிறோம். அந்தக் கைதட்டல் நம் கொள்கைக்குக் கிடைத்ததன்று; நாம் ஒழிக்கக் கிளம்பிய பழக்கத்துக்குக் கிடைத்தது.

சிரிப்பு ஒரு கருவி. ஓங்கியவன் கையிலே அது சாட்டை. ஒடுக்கப்பட்டவன் கையிலே அது நெம்புகோல். எவர் கையில் கொடுக்கிறோம், எதன்மீது ஊன்றுகிறோம் என்பதை முடிவு செய்பவன்தான் இயக்குநன். அம்முடிவைச் செய்யாமல் மேடையேறுபவன் எத்தனை பேரைச் சிரிக்கவைத்தாலும், ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்ததை எதிரொலித்தவனே ஆவான்.