விடிகாலைச் சவாரியும் சாயங்கால அல்வாவும்

திருநெல்வேலிக்கு வரும் வெளியூர்க்காரர் ஜங்ஷனில் இறங்குவார், வண்ணார்பேட்டையில் அறை எடுப்பார். அங்கிருந்து ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனால் நெல்லையப்பர் கோயில், எதிரே அல்வாக் கடை, கையில் ஒரு கிலோ பொட்டலம், மறுபடியும் ஆட்டோ. ஊர் பார்த்தாயிற்று. நடுவில் கடந்த ஆறு எது, அதன் மேல் நிற்கும் பாலம் யார் கட்டியது என்று கேட்க அவருக்கு நேரம் இருப்பதில்லை. ஆட்டோக்காரருக்கும் அடுத்த சவாரி காத்திருக்கும்.

இந்த அவசரத்துக்கு மாற்று என்று சொல்லிக்கொண்டு வந்ததுதான் வழிகாட்டியோடு சைக்கிளில் ஊர் சுற்றும் ஏற்பாடு. பத்துப் பதினைந்து பேர். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஓர் உதவியாள். மூன்று நான்கு மணி நேரம். இடையிடையே டீ, பலகாரம், கதை. பாங்காக்கில் 1980களிலேயே கோ வான் கெஸல் என்ற டச்சுக்காரர் இதைத் தொழிலாக்கினார். பழைய டெல்லியின் சந்துகளில் ஆரஞ்சு நிறச் சைக்கிள்களை ஓடவிட்டவர் ஜாக் லீனார்ஸ். அவரும் டச்சுக்காரர், பத்திரிகையாளர். சைக்கிளைப் போக்குவரத்தாகவே மதித்துப் பழகிய நாட்டுக்காரர்களுக்கு இந்த யோசனை வந்ததில் வியப்பில்லை. நம் பக்கத்தில் புதுச்சேரியின் சீதா பண்பாட்டு மையம் காலைச் சைக்கிள் உலா நடத்துகிறது. சென்னையில் ‘சைக்கிளிங் யோகிஸ்’ குழுவினர் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கோயில்களையும் கட்டடங்களையும் தேடிப் போகிறார்கள். அது வியாபாரம் அல்ல, ஊர்ப் பித்து.

நெல்லைக்கு இது ஒத்துவருமா? வண்ணார்பேட்டையை மையமாக வைத்துப் பார்த்தால் முதல் பார்வைக்கு இதைவிடத் தோதான ஊர் கிடையாது. மேடு பள்ளம் அதிகம் இல்லை. ஜங்ஷன், டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் எல்லாமே சைக்கிளுக்கு எட்டிய தூரம். கொக்கிரகுளத்தை ஒட்டி, சிரஸ்தார் என்ற அரசு அதிகாரியாக இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டி 1843-இல் திறக்கப்பட்ட பாலம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1826-இன் ஊசிக்கோபுரத் தேவாலயம். ஜங்ஷனில் 1973-இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம். அதில் கீழடுக்கைச் சைக்கிள் போன்ற சிறு வண்டிகளுக்கென்றே ஒதுக்கினார்கள். சைக்கிள்காரனுக்குத் தனித் தட்டு கட்டிக் கொடுத்த ஊர் என்று நெல்லை தாராளமாகப் பெருமைப்படலாம். இன்று அந்தப் பாலத்தைச் சைக்கிளில் கடக்கிறவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

சைக்கிளின் உண்மையான பலம் அதன் வேகம். நடந்து போனால் ஒரு காலையில் ஒரு தெருதான் ஆகும். காரில் போனால் பத்துத் தெரு ஆகும், ஒன்றின் வாசமும் ஏறாது. விடியுமுன் நயினார்குளம் மொத்தக் காய்கறி மார்க்கெட்டில் லாரிகளிலிருந்து மூட்டை இறங்கும் நேரத்தில் காரை எங்கே நிறுத்துவது? சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விடலாம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. சைக்கிளில் வியர்த்து நிற்பவரிடம் “எந்தூரு?” என்று கேட்காமல் இந்த ஊரில் ஒருவரும் விடமாட்டார். சுற்றுலாத் துறை விளம்பரங்களால் வாங்க முடியாத சங்கதி இது.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. டெல்லிச் சவாரி காலை ஆறரை மணி வாக்கில் கிளம்பக் காரணம் வெயிலும் நெரிசலும். நெல்லையிலும் அதே காரணம், இன்னும் கூடுதலாக. ஒன்பது மணிக்கு மேல் வண்ணார்பேட்டைச் சாலையில் புதியவர்களைச் சைக்கிளில் அழைத்துப் போவது வழிகாட்டுதல் ஆகாது, வம்பை விலைக்கு வாங்குவது. ஆகவே சவாரி விடிகாலையில்தான். ஆனால் இந்த ஊரின் பேர் பெற்ற சாப்பாடு விடிகாலையில் கிடைக்காது. அல்வாவுக்குப் பேர்போன இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். சில மணி நேரத்தில் சரக்கு தீர்ந்து மூடிவிடும். பரோட்டாக் கல்லும் பொழுது சாய்ந்த பிறகுதான் சூடு பிடிக்கும். காலையில் அகப்படுவது இட்லியும் உளுந்த வடையும். நல்ல இட்லிதான், ஆனால் அது விழுப்புரத்திலும் கிடைக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், நெல்லைச் சமையலின் சிறந்த பகுதி கடைக்கே வராதது. சொதியை எடுத்துக்கொள்ளலாம். சைவ வேளாளர் வீட்டுக் கல்யாணங்களில் மறுவீட்டுப் பந்திக்கென்றே வைப்பது. தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால் என்று பிரித்து, இரண்டாம் பாலில் காய்களை வேகவிட்டு, பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சை பிழிவார்கள். இஞ்சித் துவையல் இல்லாமல் சொதி இறங்காது. தேங்காய்ப்பாலின் மந்தத்துக்கு அதுதான் மருந்து. இலை போட்டு உட்கார்ந்து, இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட வேண்டிய விஷயம் இது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காகிதக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி ருசி பார்ப்பதில் சொதியின் பெயர் மட்டும்தான் மிஞ்சும். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், கூட்டாஞ்சோறு எல்லாவற்றுக்கும் இதே கதி. ‘உள்ளூர் உணவு உலா’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

யாருடைய உள்ளூர் என்பது அடுத்த கேள்வி. வழிகாட்டிகள் வம்பில்லாத கடைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அவை பெரும்பாலும் சைவக் கடைகள், கோயிலைச் சுற்றியவை. டெல்லிச் சவாரி ஜாமா மசூதிப் பக்கம் கரீம் கடையில் முடிந்ததால், பழைய டெல்லியின் இறைச்சி மணம் அதற்குள் வந்துவிட்டது. நெல்லையில் அப்படித் தானாக வந்துவிடாது. வண்ணார்பேட்டையிலிருந்து மிதித்தால் சீக்கிரமே எட்டிவிடும் மேலப்பாளையத்தின் பிரியாணியும் வட்டலப்பமும் விடுபட்டால், காட்டியது நெல்லையின் பாதி. பனையேறிகளின் பதநீர் விடுபட்டால் அந்தப் பாதியிலும் கொஞ்சம் குறையும். பருவத்தில் விடிகாலையில் வந்து, ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்து, வெயில் ஏறுமுன் தீர்ந்துவிடும் பதநீர், சைக்கிள் சவாரிக்கென்றே அமைந்த சரக்கு. அல்வாவைத் தேடி அலையும் உலாக்களின் கண்ணில் அது படாதது விசித்திரம்.

கதை சொல்லும் விதத்திலும் ஒரு கோளாறு உண்டு. நின்ற இடத்தில் மூன்று நிமிடம் பேச வேண்டிய வழிகாட்டிக்கு வரலாறு தேவைப்படாது, துணுக்குதான் தேவைப்படும். சுலோசன முதலியாரின் மனைவி நகையைக் கழற்றிக் கொடுத்தார் என்பார், அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்பார், கைதட்டலும் கிடைக்கும். அதே தண்ணீரில் நகரத்தின் சாக்கடை கலப்பதையும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறு பெருகி ஜங்ஷனும் கரையோரத் தெருக்களும் மூழ்கியதையும் அதே மூச்சில் சொல்லும் வழிகாட்டிதான் ஊரைக் காட்டுகிறார். ‘சைக்கிளிங் யோகிஸ்’ போன்ற குழுக்களிடம் இந்தத் துணுக்கு வியாதி குறைவு. காரணம் எளிது: கூட வருகிறவர்களும் உள்ளூர்க்காரர்கள், தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

கேமரா விஷயத்தில் மும்பையிடம் கற்க வேண்டியிருக்கிறது. கிறிஸ் வேயும் கிருஷ்ணா பூஜாரியும் 2005-இல் தொடங்கிய ரியாலிட்டி டூர்ஸ், தாராவி நடை உலாவால் பேரும் பெற்றது, ஏச்சும் வாங்கியது. விடிகாலைச் சைக்கிள் சவாரியும் நடத்துகிறது. வறுமையைக் காட்சிப்பொருளாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு முழுக்கத் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் தாராவிக்குள் படம் எடுக்கக் கூடாது என்ற விதியையும், லாபத்தில் 80 சதவீதத்தை அங்கேயே கல்விப் பணிகளுக்குத் திருப்பும் ஏற்பாட்டையும் அவர்கள் வைத்தார்கள். நெல்லைக்கு முதல் விதி உடனடித் தேவை. விடிகாலையில் ஆற்றங்கரைப் படித்துறைகளில் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள், துணி துவைப்பார்கள். வெளியூர்க்காரருக்கு அது ‘பண்பாடு’. குளிப்பவருக்கு அது அன்றாடம். அங்கே கைப்பேசியை எடுக்கிற ஒரே ஓர் ஆளால் மொத்த உலாவும் கெட்டுப்போகும்.

பணக் கணக்கும் நேர்மையாக இருக்க வேண்டும். பெரும்பாலான உலாக்களில் டீக்கடைக்காரருக்குப் போவது டீயின் விலை மட்டும்தான். அவர் கடையும் பேச்சும் சிரிப்பும் விலையில்லாமல் விற்கப்படுகின்றன. பதினைந்து பேர் அரைமணி நேரம் பெஞ்சை அடைத்துக்கொண்டால் அவருடைய வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அந்த இழப்புக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இன்னொரு முரண். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அரசு கொடுக்கும் விலையில்லாச் சைக்கிளில்தான் இன்றும் கிராமத்துப் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். அந்தச் சைக்கிளுக்குச் சாலையில் ஒதுங்க இடமில்லாத ஊரில், கியர் சைக்கிளும் கையுறையுமாக வரிசை கட்டிப் போகும் உலா கொஞ்சம் நெருடத்தான் செய்யும். ஒன்று மட்டும் நடக்கலாம்: பணம் கொடுத்து மிதிக்கிறவர்கள் குரல் எழுப்பினால், 2017-இல் ஸ்மார்ட் சிட்டியாகத் தேர்வான இந்த மாநகரத்தில் சைக்கிள் தடம் கேட்பதற்கு இன்னும் சில வாய்கள் சேரும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், சாப்பாட்டைக் காட்டும் கருவியாகச் சைக்கிள் சுமார்தான். சாப்பாடு வரும் வழியைக் காட்ட அதைவிட நல்ல கருவி கிடையாது. பாளையங்கால்வாயின் கரை, காரும் பிசானமுமாக நெல் இரு போகம் விளையும் வயல்கள், நயினார்குளம் மார்க்கெட், பதநீர்ப் பானை: காலைச் சவாரி இவற்றோடு நிற்கட்டும். அல்வாவுக்கு மாலையில் டவுன் ரதவீதியில் நடந்தே போகலாம். சொதிக்கு, உரிய பணம் கொடுத்து ஒரு வீட்டில் மத்தியானப் பந்தி ஏற்பாடு செய்யலாம். நெல்லையில் இப்படியோர் உலா தொடங்க நினைப்பவர்கள் முதல் சில மாதங்களுக்கு வெளிநாட்டவரை விட்டுவிட்டு, பாளையங்கோட்டைக்காரரையும் மேலப்பாளையத்துக்காரரையும் டவுன்காரரையும் ஒரே வரிசையில் மிதிக்க வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் இந்த மூன்று பேரும் ஒருவர் வீட்டுப் பலகாரத்தை இன்னொருவர் எத்தனை முறை ருசித்திருப்பார்கள் என்று அங்கேயே கேட்டுவிடலாம்.