கதாநாயகன் எப்போது கற்றுக்கொண்டான்?

தல்லாகுளம் பெருமாள் கோயில் பக்கம் என் பள்ளி நாட்களில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து, தைத்து, பைண்டு போட்ட தொடர்கதைகள்தான் அங்கே ராஜா. சாண்டில்யனின் 'கடல் புறா'வை அப்படித்தான் படித்தேன். நடுவில் நாலு பக்கம் காணோம். மஞ்சளழகி வருகிற பக்கங்களாக இருக்க வேண்டும். எவனோ ரசிகன்!

அதில் அகூதா என்று ஒரு சீனக் கடற்கொள்ளைக்காரன் வருவான், ஞாபகம் இருக்கிறதா? பல வருஷம் கழித்து ஹாங்காங் எழுத்தாளர் ஜின் யோங்கைப் பற்றிப் படித்தபோது, 1963-ல் அவர் தொடங்கிய தொடர்கதை ஒன்றிலும் அகூதா என்றொரு பாத்திரம் இருப்பது தெரிந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் 'வூஷியா' எனப்படும் சீன வீரக்கதைகளுக்குள் நுழைந்தேன்.

ஆரம்பமே சுவாரஸ்யம். 1954 ஜனவரியில் மக்காவில் இரண்டு குங்ஃபூ ஆசான்கள் நிஜமாகவே மேடையேறி மோதினார்கள். சில நிமிஷத்தில் முடிந்தது, வெற்றி தோல்வி கிடையாது. ஆனால் ஊரே அதைப் பற்றிப் பேசியது. பார்த்தார் ஒரு ஹாங்காங் பத்திரிகை ஆசிரியர். ஆபீஸில் இருந்த லியாங் யூஷெங்கைப் பிடித்து, 'எழுதுய்யா ஒரு தொடர்கதை' என்று உட்கார வைத்துவிட்டார். சில நாட்களிலேயே கதை தொடங்கியது. புதிய பாணி வூஷியா பிறந்த கதை இதுதான். லியாங் பழைய கவிதைகளில் ஊறியவர். அவருடைய வீரர்கள் கத்தியோடு கவிதையும் வைத்திருப்பார்கள்.

மறு வருஷம், 1955-ல், அதே ஆபீஸ் சகாவான ஜின் யோங் களத்தில் இறங்கினார். 1972 வரை 15 கதைகள். 1959-ல் 'மிங் பாவ்' நாளிதழைத் தொடங்கியபோது தலையங்கமும் அவரே, தொடர்கதையும் அவரே. 1941-ல் சதாசிவத்தோடு சேர்ந்து பத்திரிகை தொடங்கிய நம்ம கல்கியை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும். நிஜ சரித்திரம், கற்பனை ஆட்கள், நடுநடுவே நகைச்சுவை என்று சமையல் முறைகூட ஒன்றுதான்.

வித்தியாசம் எங்கே? ஜின் யோங்கின் குவோ ஜிங் ஒரு மந்தபுத்திக்காரன். ஒரு அடியைச் சொல்லிக் கொடுத்தால் நூறு தரம் செய்தால்தான் அவனுக்கு வரும். ஆசான்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். பிறகு பிச்சைக்காரர் சங்கத் தலைவர் ஒருவர் வருகிறார். மகா சாப்பாட்டு ராமர். குவோ ஜிங்கின் காதலி விதவிதமாகச் சமைத்துப் போட, சாப்பிட்ட கடனுக்கு அவர் இவனுக்கு வித்தை சொல்லித் தருகிறார். அவரிடம் இருப்பது 18 அடிகள். 15-ஐக் கறந்துவிடுகிறார்கள்! படிக்கிற நமக்கும் அவன் கூடவே கை வலிக்கிறது. கடைசியில் அவன் ஜெயிக்கும்போது, ஏன் ஜெயிக்கிறான் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாமவர் தைவானின் கூ லோங். குடித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டு 1985-ல், ஐம்பதைத் தொடாமலே போய்ச் சேர்ந்தவர். சின்னச் சின்ன வாக்கியம். ஒரு வரிக்கு ஒரு பாரா. அவருடைய நாயகன் லீ இருமிக்கொண்டே குடிப்பான். கை மட்டும் கத்தியால் மரத்தில் காதலியின் உருவத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கும். அந்தக் கத்தியை வீசினால் தப்பாது. எப்படி வீசினான் என்று கூ லோங் சொல்லமாட்டார். கடைசிச் சண்டையில் கதவைச் சாத்திவிடுகிறார்! வெளியே காத்திருப்பவர்களோடு நாமும் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இப்போது நம்ம வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். சாண்டில்யனைச் சும்மா சொல்லக்கூடாது. கடற்போர் வியூகம் என்று வந்துவிட்டால் மனுஷன் கில்லாடி. நாயகனின் திட்டம் என்ன என்று கடைசிவரை வாயைத் திறக்கமாட்டார். கல்கியிலும் ஆழ்வார்க்கடியானின் கைத்தடி யார் மண்டையைத் தேடுகிறது என்பதிலேயே அவன் குணம் தெரிந்துவிடும். ஆனால் ஒரு கேள்வி. வந்தியத்தேவன் எப்போது வாள்வீச்சு கற்றான்? யாரிடம்? எத்தனை தரம் தோற்றான்? நான் படித்தவரை, நம் சரித்திர நாவல்களின் நாயகன் குதிரையில் அறிமுகமாகும்போதே எல்லாம் தெரிந்தவனாக வருகிறான். ரெடிமேட் சட்டை மாதிரி ரெடிமேட் வீரன்.

வாரத் தொடரில் அதற்கெல்லாம் ஏது இடம் என்பீர்கள். ஐயா, அவர்கள் நாளிதழில் தினம் தினம் எழுதியவர்கள்!

இதில் நமக்கு என்ன நஷ்டம்? நம்மிடம் வித்தை இல்லையா? சிலம்பத்தில் காலடி, வீச்சு, சுருள்வாள், மான்கொம்பு என்று எத்தனை பாடம்! 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். மெடல், சர்டிபிகேட் எல்லாம் வரட்டும், சந்தோஷம். ஆனால் குங்ஃபூ என்றதும் வெளியூர்க்காரன் மனசில் ஒரு குரு, ஒரு சிஷ்யன், ஒரு வைராக்கியம் எழுகிறதே, அதை உண்டாக்கியதில் இந்தக் கதைகளுக்கும் அவற்றிலிருந்து வந்த சினிமாவுக்கும் பெரிய பங்கு உண்டு. சிலம்பம் என்றதும் நம் பிள்ளைகள் மனசிலேயே என்ன எழுகிறது? ஊர்வலத்தில் கம்பு சுற்றுகிறவர். அவ்வளவுதான். அவருக்கும் ஓர் ஆசான் இருந்திருப்பாரே, அவரிடம் இவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்க நமக்கு ஒரு கதை இல்லை.

நாவல் எழுதுகிற நண்பர்களே, கல்வெட்டைத் தேடிப் போவது போல ஒரு நாள் விடிகாலையில் சிலம்பக் கூடத்துக்கும் போய்ப் பாருங்கள். கையில் கம்பே தராமல் காலடியை மட்டும் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்லி ஒரு பையனை வாத்தியார் வாட்டிக்கொண்டிருப்பார். அவனுடைய கதையை எழுதுங்கள். நடுவில் நாலு பக்கம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறேன்.