தாளமும் அச்சமும்: ‘எலும்புக்கூட்டு நடனம்’ படத்தின் இசை

வால்ட் டிஸ்னியின் ‘எலும்புக்கூட்டு நடனம்’ (1929) ஐந்தரை நிமிட அளவிலான அசைவூட்டப் படம். அச்சமூட்டும் இசைக்கு முன்னோடியாக இதனைச் சுட்டுவது வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கு மறுபரிசீலனைக்குரியது.

இதன் இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங், மௌனப்படக் காலத்தில் திரையரங்கில் ஆர்கன் வாசித்தவர். அசைவுக்கேற்ப இசை என்னும் மிக்கி மவுஸ் படங்களின் நடைமுறையை மாற்றி, இசைக்கேற்ப அசைவு என்பதை அவர் வற்புறுத்தினார். இம்முறையின் அடிப்படை எளிய கணக்கு. ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். ஒரு தட்டுக்கு 12 சட்டகங்கள் எனின் நிமிடத்திற்கு 120 தட்டுகள், 8 எனின் 180. வரைபவர் எந்தச் சட்டகத்தில் எலும்புக்கூட்டின் கால் தரையில் ஊன்ற வேண்டும் என்பதை இசையே முன்கூட்டி முடிவுசெய்துவிடுகிறது.

சிக்கல் இங்குதான் எழுகின்றது. அச்சம் ‘எப்போது’ என்பதை அறியாமையில் விளைவது. சீரான தாளமோ அடுத்த தட்டு விழும் நேரத்தைக் கேட்போர்க்கு அறிவித்துவிடுகிறது. படத்தின் தொடக்கத்தில் மின்னல், காற்று, ஆந்தை, மணியோசை ஆகியன தனித்தனியே வரும்வரை பதற்றம் உண்மையாகவே நிலவுகிறது. எலும்புக்கூடுகள் அணிவகுத்து ஆடத் தொடங்கியதும் அது நகைச்சுவையாக இளகுகிறது. எட்வர்ட் கிரீக்கின் ‘பூதங்களின் அணிநடை’ என்னும் பியானோ ஆக்கம் இப்படத்தில் எடுத்தாளப்பட்டுள்ளது. மூலத்தில் அதற்குள்ள முரட்டுத்தன்மை, ஓர் எலும்புக்கூட்டின் முதுகெலும்பை மற்றொன்று சைலோஃபோனாகத் தட்டும் படத்தில் விளையாட்டாகிவிடுகிறது. ஒத்திசைவு எவ்வளவு துல்லியமோ அவ்வளவு அச்சம் குறைகிறது.

நகைப்பே படத்தின் நோக்கம் எனலாம். அது சரியே, குறை படத்தினுடையதன்று, அதனை அச்ச இசைக்கு மாதிரியாகக் கொள்வோருடையது.

யூரி நோர்ஸ்டைனின் ‘மூடுபனியில் முள்ளெலி’ (1975) இதற்கு மறுதலை. கரடிக்குட்டியைக் காணச் செல்லும் முள்ளெலி, பனிக்குள் வெண்குதிரையைக் கண்டு இறங்கி வழி தவறுகிறது. மிகயீல் மியரோவிச்சின் இசை அதன் ஒவ்வோர் அடியையும் எண்ணிக் காட்டுவதில்லை. அது பனியைப் போல் அடர்ந்து விலகுகிறது. விலகுமிடத்தில் சிற்றொலிகளும் பேரச்சம் தருகின்றன. கதை நிகழ்வென்று பார்த்தால் முள்ளெலிக்குத் தீங்கு ஏதும் நேர்வதில்லை. இழந்த சிறு மூட்டையையும் ஒரு நாய் கொணர்ந்து தருகிறது. ஆயினும் பார்ப்போர் நடுங்குகின்றனர். அந்நடுக்கத்திற்குக் காட்சிக்கும் இசைக்கும் இடையே விடப்பட்ட இடைவெளி பெரிதும் காரணம். ஸ்டாலிங்கின் சட்டகக் கணக்கில் அவ்விடைவெளிக்கு இடமில்லை.