கத்தரியை விடாத ரமேஷ் பாபு

ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சி சலூன்களில் நாற்காலி சும்மா இருக்காது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்து இறங்கி வந்தவரும் பெஞ்சில் காத்திருப்பார். சீப்பு தூக்கிப் பிடிக்க, அதன்மேல் கத்தரி ஓட, பிடரி முடி படிப்படியாகக் கரையும். அந்த அழகை மெஷின் தருவதில்லை.

அந்தக் கத்தரியோடு கோடீஸ்வரரானவர் பெங்களூரு ரமேஷ் பாபு. அவருடைய அப்பா இறந்தார். அம்மா வீட்டுவேலைக்குப் போனார். அப்பாவின் சலூனை நாளுக்கு 5 ரூபாய் வாடகைக்கு விட்டார்கள். பிற்பாடு மகனே அதை எடுத்து நடத்தினார்.

1990களில் வாங்கிய மாருதி ஆம்னியை வாடகைக்கு விட்டார். அதிலிருந்து வளர்ந்தது சொகுசுக் கார் நிறுவனம். 2011இல் ரோல்ஸ்ராய்ஸ் கோஸ்ட் வந்தது.

நெஞ்சைத் தொடுவது வேறு: அந்தக் காருக்குப் பிறகும் அவர் சலூனில் நின்று முடிவெட்டினார்.